அடாப்டிவ் சிங்க் மானிட்டர் வாங்க ஆசை, பேனல் லாட்டரியை நினைத்தால் பயம்

கேள்வி:
27 இன்ச், 1440பி (2560×1440 பிக்சல்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை), அடாப்டிவ் சிங்க் (கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வது). இதுதான் தேடுகிறேன். கையில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ்; விசிங்க் (திரை புதுப்பிக்கும்வரை ஃப்ரேமைக் காக்கவைக்கும் வசதி) போட்டால் மவுஸ் இழுக்கிறது, எடுத்தால் படம் குறுக்கே கிழிகிறது. கிராபிக்ஸ் கார்டு என்விடியா. ஆனால் விமர்சனங்களைப் படிக்க உட்கார்ந்தால் எந்த மாடலுக்கும் புலம்பல்தான்: மூலையில் வெளிச்சம் கசிகிறது, டெட் பிக்சல் (கெட்டுப்போன புள்ளி), ஃபிளிக்கர் (மினுங்கல்). ஒரே மாடலில்கூட நல்ல பேனல் கிடைப்பது லாட்டரிதானாம். இவ்வளவு காசு போட்டு வாங்கிவிட்டு ஒரு பச்சைப் புள்ளியோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்த என்னால் ஆகாது. சிங்க் இல்லாததே போதுமா? இல்லை, ஜிசிங்க் மாட்யூல் (என்விடியாவின் சொந்த சிங்க் சிப்) உள்ளதற்குக் கூடுதலாகக் கொடுத்தால் பேனலும் நன்றாக வருமா?

பதில் 1:
வராது. மாட்யூல் பார்ப்பது ரெஃப்ரெஷ் ரேட் வேலையை. வெளிச்சம் கசிவது பேனலும் பேக்லைட்டும் சட்டத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. விலை கூடிய மாடலிலும் கசியும். 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்த என்விடியா கார்டுகளும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகச் சாதாரண அடாப்டிவ் சிங்க் மானிட்டரிலும் ஓடுகின்றன, அதனால் மாட்யூலை மறந்துவிடுங்கள். சிங்க் எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை வரை வேலை செய்யும் என்ற ரேஞ்சை மட்டும் பாருங்கள். 48 முதல் 144 என்றால் நிம்மதி, ஏனென்றால் கேம் 40 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 40 ஃப்ரேம்) இறங்கினாலும் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளித்துவிடும். 48 முதல் 75 மட்டும் என்று போட்டிருந்தால் அந்த வித்தைக்கு இடமில்லை.

பதில் 2:
நண்பா, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஃபிளிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள்: விஏ என்ற வகைப் பேனலில் ரெஃப்ரெஷ் ரேட் ஏறி இறங்கும்போது அடர் சாம்பல் நிறங்களின் பிரகாசமும் சேர்ந்து ஆடும். லோடிங் திரையில் நன்றாகவே தெரியும். அது அந்தப் பேனலின் சுபாவம், அதே மாடலை மாற்றி வாங்கினாலும் பெரும்பாலும் அதேதான். இருட்டான கேம்கள் விளையாடுபவர் என்றால் ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனலை எடுங்கள். அதில் மூலையில் பளபளப்பு தெரிந்தால் தலையை நகர்த்திப் பாருங்கள்: கூடவே மாறினால் ஐபிஎஸ் க்ளோ (அந்த வகைப் பேனலின் இயல்பு), அசையாமல் இருந்தால் கசிவு. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியது கசிவுக்குத்தான். அப்புறம், போன் கேமராவை நம்பாதீர்கள், எக்ஸ்போஷரை ஏற்றி நல்ல பேனலையும் நாசமானது மாதிரி காட்டும்.

பதில் 3:
டெட் பிக்சலுக்கு வாரண்டியை நம்பிப் போகாதீர்கள். திரைகளுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 9241-307இன் இரண்டாம் வகுப்பு பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிபவை 2, அணைந்தவை 2 வரை அனுமதிக்கிறது. 1440பியில் கிட்டத்தட்ட 37 லட்சம் பிக்சல், ஆக எரியும் புள்ளி ஏழு இருந்தாலும் காகிதத்தில் அது நல்ல மானிட்டர்! அதனால் மாடலை விட, காரணம் கேட்காமல் திருப்பி எடுக்கும் கடை முக்கியம். வந்த அன்றே இருட்டறையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேட்டவர்:
சரி, ஐபிஎஸ்தான். எஃப்பிஎஸ் 144ஐத் தாண்டினால் மறுபடியும் கிழியுமா?

பதில் 1:
கிழியும். கேமில் எஃப்பிஎஸ்ஸுக்கு 141 என்று கேப் (உச்சவரம்பு) போட்டுவிட்டு, விசிங்கை டிரைவரில் மட்டும் ஆன் செய்யுங்கள். கேப் இருக்கும்வரை மவுஸ் பழைய மாதிரி இழுக்காது.