இன் பண்ணிய சட்டைக்குள் எத்தனை கருவி வைக்கலாம்?

முப்பத்தெட்டாம் மாடி:

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் கணக்குத் தணிக்கை வேலை. இன் பண்ணிய முழுக்கைச் சட்டை, கால்சட்டை, கழுத்தில் நுழைவு அட்டை. இந்த ஊர் வெயிலுக்குக் கோட் போடுவதில்லை, ஆகவே ஒளித்துவைக்க இடமும் இல்லை. ஒரு வருடமாக நான் தினமும் சுமப்பது: சாவிக்கொத்தில் 58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் கிளாசிக் (சின்னக் கத்தி, கத்தரி, நக அரம், இடுக்கி, பல்குச்சி எல்லாம் அதிலேயே), விரல் நீள டார்ச், ஒரு விசில், பர்ஸில் மூன்று பிளாஸ்டர், அட்டையிலிருந்து நறுக்கிய இரண்டு பாராசிட்டமால், நுழைவு அட்டையின் உறைக்குள் மடித்த 50 வெள்ளி (டாலர்) நோட்டு.

நேற்று ஒரு வாடிக்கையாளர் கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்ததும் பாக்கெட்டில் இருந்த டார்ச் அழுந்தி எரிந்துவிட்டது. சாம்பல் நிற மெல்லிய துணி வேறு. எதிரே இருந்த அம்மையார் பேலன்ஸ் ஷீட்டை விட்டுவிட்டு என் வலது தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தால், மின்மினியை விழுங்கிய தவளை மாதிரி வட்டமாக வெளிச்சம்.

கேள்வி இரண்டு. வெளியே தெரியாமல் இவற்றை எப்படி மறைத்து வைக்கிறீர்கள்? எதைக் கழித்துவிடலாம்?

வெறுங்கை வேந்தன்:

எல்லாவற்றையும் கழித்துவிடலாம். காட்டுக்கா போகிறீர்கள்? கட்டடத்துக்குக் கீழே கடை. 995க்கு அடித்தால் ஆம்புலன்ஸ். பாராசிட்டமால் வேண்டுமென்றால் வரவேற்பு மேசையில் கேட்டாலே கிடைக்கும்.

அப்புறம் அந்தக் கத்தி. வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன். அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதங்கள் பற்றி 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. தாக்கப் பயன்படுத்தினால் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அந்த 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் வரலாம். சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டி அளவுச் சாமானுக்காக யாரும் உங்களைப் பிடித்துப் போகமாட்டார்கள், சரி. ஆனால் நீங்களே 'மறைத்து' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஆப்பிள் நறுக்குகிறவன் ஏன் மறைக்கிறான்?

முப்பத்தெட்டாம் மாடி:

பாக்கெட் புடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் 'மறைத்து' என்றேன். வேறு ஒன்றுமில்லை. கத்தியை நான் திறப்பதே கூரியர் பெட்டி வந்தால்தான். கத்தரிதான் நிறைய உழைக்கிறது, சட்டையில் நூல் பிரிந்தால், பால் பாக்கெட் பிரிக்க.

காடு இல்லை என்கிறீர்கள். 2011 டிசம்பர் 15 ஞாபகம் இருக்கிறதா? வடக்கு தெற்குப் பாதையில் சாயங்காலம் ரயில்கள் நின்று, சுரங்கத்துக்குள் விளக்கும் காற்றும் இல்லாமல் மக்கள் மாட்டிக்கொண்டார்கள். அலுவலகம் விட்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர். எல்லாரும் இன் பண்ணிய சட்டைக்காரர்கள்.

வெறுங்கை வேந்தன்:

ஞாபகம் இருக்கிறது. ஒரு பயணி கண்ணாடியை உடைத்துக் காற்றை உள்ளே விட்டார். எதைக் கொண்டு உடைத்தார்? அந்த ரயிலிலேயே இருந்த தீயணைப்பானைக் கொண்டு. யாருடைய பாக்கெட்டிலிருந்தும் சுத்தியல் வரவில்லை. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

லிஃப்ட்காரன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பதினாறு வருடமாக லிஃப்ட் பராமரிப்பு. இந்தக் 'கருவி' ஆட்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: லிஃப்ட் நின்றுவிட்டால் எதையும் எடுத்துக் கதவை நெம்பாதீர்கள். பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருக்கும், கதவு திறந்ததும் வெளியே குதிக்கத் தோன்றும், கால் சறுக்கினால் கீழே வெறும் குழி. உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாது, காற்று போக இடைவெளி உண்டு. மணியை அழுத்துங்கள், உட்காருங்கள். மின்சாரம் போனால் பல லிஃப்டுகளில் பேட்டரியே பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும். ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் கதவின் அடித்தடத்தைக் கெடுத்துவைத்திருந்தார் ஒருவர். சும்மா இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பார். நாங்கள் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது.

லிஃப்டில் மாட்டியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கழிவறை எந்தப் பக்கம் என்று. அதற்குக் கருவி கிடையாது.

பூன் லே அக்கா:

ஆண்கள் பாக்கெட் புடைக்கிறது என்று அழுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் ஆபீஸ் கால்சட்டையில் பாக்கெட் மாதிரி ஒரு கோடு மட்டும் தைத்திருப்பார்கள், விரல் நுழையாது.

என் ஆச்சியின் தாலிக்கொடியில் எப்போதும் நான்கைந்து ஊக்கு தொங்கும். இடுப்பில் சுருக்குப்பை, அதில் சில்லறை, பாக்குவெட்டி, மடித்த விபூதி. தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் பெட்டிச் சாவியோடு முள்வாங்கியும் காதுக் குறும்பிவாங்கியும் சேர்ந்து கிடக்கும். வேட்டிக்கு மேல் ஒன்றும் தெரியாது. நீங்கள் வெள்ளியைக் கொட்டி வாங்குவதை அவர்கள் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

நான் நுழைவு அட்டையின் பின்பக்கம் மூன்று ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு மறுநாள் அலுவலகத்தில் சேலை உடுத்தும் நிகழ்ச்சி. மேலதிகாரியின் முந்தானை தோளிலிருந்து நழுவியது, அவர் கையில் மைக். பின்னால் போய் நின்று ஒரே குத்து. அதன் பிறகு என் விடுப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை.

வேந்தன் சொன்ன சட்டத்தோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். சென்னையிலிருந்து சித்தி மகள் மிளகுத் தெளிப்பான் வாங்கி வருகிறேன் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். இங்கே அதை அனுமதியில்லாமல் வைத்திருக்க முடியாது.

இன்னொன்று. தீயணைப்புப் பயிற்சியன்று 26 மாடி படியில் இறங்கியபோது குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தேன். மறுநாளிலிருந்து மேசைக்கடியில் தட்டைச் செருப்பு ஒரு ஜோடி. டார்ச்சைவிட அதுதான் முக்கியம்.

சிராங்கூன் பெரியவர்:

தம்பிகளுக்கு ஹோட்டல் நியூ வேர்ல்ட் தெரியுமா என்று தெரியவில்லை. 1986 மார்ச் 15. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் மூலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். கீழே ஒரு வங்கி இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களும் காலையில் டை கட்டி, தலை சீவி வந்தவர்கள்தான். நான் அப்போது ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் பக்கம் குடியிருந்தேன். தூசி அடங்கிய பிறகும் தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இடிபாட்டில் ஆளைத் தேடும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை வற்றிவிடும், விசிலுக்கு மூச்சு மட்டும் போதும். முதல் பதிவில் சொன்னதில் எதைக் கழித்தாலும் விசிலைக் கழிக்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் கோடாலி. கோடாலித் தைலம். 1928லிருந்து நம்மூர்ச் சரக்கு. குளிர்சாதன அறையில் தலைவலி, பேருந்தில் குமட்டல், கொசுக்கடி எல்லாவற்றுக்கும் அதுதான். ஐந்தாம் விரல் உயரப் புட்டி, சட்டைப் பையில் பேனாவோடு நின்றுகொள்ளும். வாசனைதான் காட்டிக்கொடுக்கும்.

வெறுங்கை வேந்தன்:

பெரியவர் சொன்னது மனத்தைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு விபத்துக்காகத் தினமும் விசிலோடு கூட்டத்துக்குப் போகவேண்டும் என்றால், வெள்ளத்துக்காகப் படகும் கட்டிக்கொண்டு போகலாமே. 2010ல் ஆர்ச்சர்டு சாலையிலும் தண்ணீர் ஏறியது.

என் உண்மையான சண்டை வேறு. கருவி வாங்கியதும் தயாராகிவிட்டோம் என்று ஒரு நிறைவு வந்துவிடுகிறது. முப்பத்தெட்டாம் மாடிக்கு ஒரு கேள்வி: பக்கத்து மேசைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், உங்கள் தளத்தில் ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) எந்தச் சுவரில் இருக்கிறது? கை அறுந்து ரத்தம் கொட்டினால் எங்கே அழுத்துவீர்கள்? அழுத்து, கட்டு, தகவல் சொல் என்று பயங்கரவாதத்துக்கு எதிரான எஸ்ஜி செக்யூர் இயக்கத்தில் சொல்லித்தருகிறார்கள், அதற்குத் துணி போதும். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றால் கூப்பிடும். அது உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா? என்னிடம் இருக்கிறது. எடை பூஜ்ஜியம், பாக்கெட் புடைக்காது.

முப்பத்தெட்டாம் மாடி:

குத்து சரியான இடத்தில் விழுந்தது. ஏஇடி பற்றிக் கேட்டதும் எழுந்துபோய்ப் பார்த்தேன். பேன்ட்ரியைத் தாண்டி, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால். மூன்று வருடமாக அதன் எதிரே நின்று காபி கலக்கியிருக்கிறேன். செயலியையும் இறக்கிவிட்டேன்.

ஆனால் நானும் ஒன்று கேட்கவேண்டும். எங்கள் தளத்தில் 40 பேர். யார் கையை நகலெடுக்கும் தாள் கீறினாலும், யார் மூக்குக்கண்ணாடித் திருகு கழன்றாலும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் 'இதெல்லாம் எதற்கு' என்று கேட்டவர்கள். வெறுங்கையாகத் திரிகிறவர்கள் நிம்மதியாக இருப்பது பக்கத்தில் பாக்கெட் நிறையச் சாமான் சுமக்கிற ஒருவன் இருப்பதால்தான். உங்கள் வரவேற்பு மேசைப் பெண் பாராசிட்டமாலை யார் காசில் வாங்கி வைத்திருக்கிறார் என்று எப்போதாவது கேட்டீர்களா?

தேக்கா தம்பி:

வேந்தன் அண்ணன் இதற்குப் பதில் சொல்வதற்குள், கேட்ட கேள்விக்கு ஒருத்தராவது பதில் சொல்லலாமே. டார்ச்சின் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், மின்சுற்று அறுந்துவிடும், எத்தனை முறை உட்கார்ந்தாலும் எரியாது. வேண்டும்போது முறுக்கிக்கொள்ளலாம்.

பாக்கெட் விஷயத்துக்குத் தேக்கா நிலையத்தின் இரண்டாம் தளத் தையல் கடைகள். புதுக் கால்சட்டையைக் கீழே மடித்துத் தைக்கக் கொடுக்கும்போதே, இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் பெல்ட் மறைக்கிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு உள்பை வைக்கச் சொல்லுங்கள். முதலில் 'என்ன தம்பி, பட்டாபட்டியா தைக்கிறோம்' என்று சிரித்தார்கள், அப்புறம் தைத்துக் கொடுத்தார்கள். நோட்டும் பிளாஸ்டரும் அதில் படுத்துக்கொள்ளும். டார்ச்சை அங்கே வைக்காதீர்கள், குனிந்தால் வயிற்றில் குத்தும். அது சட்டைப் பையில் பேனா மாதிரி நிற்கட்டும். கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலையாகக் கோலாலம்பூர் பறக்கிற நாளில் மட்டும் சாவிக்கொத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். சாங்கி விமான நிலையத்தில் என் அண்ணன் அந்தச் சின்னக் கத்தியைப் பறிகொடுத்தான். பவர் பேங்க் இருந்தால் அது கைப்பையில்தான் போகவேண்டும், பெட்டியில் போடக்கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதில் சார்ஜ் செய்யவும் முடியாது.

வெறுங்கை வேந்தன்:

பாராசிட்டமால் பற்றி விசாரித்தேன். அவர் சொந்தக் காசு. அடுத்த பெட்டி நான் வாங்குகிறேன். அதற்காகச் சுமக்கப்போவதில்லை, அவர் இழுப்பறையில் இருக்கட்டும்.

என் நிலை மாறவில்லை. இப்போது என் பாக்கெட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: கைப்பேசி, பேருந்து அட்டை, வீட்டுச் சாவி, கைக்குட்டை. இவ்வளவுதான்.

பூன் லே அக்கா:

கைக்குட்டையா? கட்டுப் போட, ரத்தத்தை அழுத்த, புகையில் மூக்கை மூட, மதியம் லாவ் பா சாட் உணவு நிலையத்தில் டிஷ்யூ இல்லாத நேரத்தில் மேசையில் போட்டு இடம் பிடிக்க. நீங்களும் எங்கள் கட்சிதான், தம்பி.

வெறுங்கை வேந்தன்:

அது வியர்வை துடைக்க, அக்கா.

முப்பத்தெட்டாம் மாடி:

தேக்கா தம்பி, இரண்டாம் தளத்தில் எந்தப் பக்கம்? மின்படியில் ஏறியதும் இடமா வலமா? சனிக்கிழமை நான்கு கால்சட்டையோடு வருகிறேன்.