உவர் மண்ணில் கோதுமை: நைட்ரேட் ரிடக்டேஸ் சரிகிறது, தழைச்சத்து சதவீதம் ஏன் இறங்கவில்லை?

கோதுமைத்தொட்டி:
வணக்கம். ஹரியானாவில் பயிர் வினையியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்காக எச்டி 2967, கார்ச்சியா 65 என்ற இரண்டு கோதுமை ரகங்களையும் தொட்டியில் வளர்க்கிறேன். பாதித் தொட்டிகளில் உப்புக் கரைத்து ஊற்றி மண்ணின் இசியை (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 10-ல் வைத்திருக்கிறேன். யூரியா எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

உப்புத் தொட்டியில் எச்டி 2967 குட்டையாக நிற்கிறது. அடியிலைகள் நுனியிலிருந்து காய்கின்றன. நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் நொதியான நைட்ரேட் ரிடக்டேஸ் பாதிக்கும் கீழே. ஆனால் மொத்தத் தழைச்சத்தை அளக்கும் கெல்டால் முறையில் இலைத் தழைச்சத்து சதவீதம் நல்ல தொட்டிக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இது எப்படி? யூரியாவைக் கூட்டிப் பார்க்கலாமா?

வேர்த்தூவி:
கூட்டாதீர்கள் தம்பி. முதலில் சதவீதத்தை உலர் எடையோடு பெருக்கி, ஒரு செடிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். செடி சிறுத்துவிட்டால், குறைவாக எடுத்த தழைச்சத்தும் சதவீதத்தில் சரியாகவே தெரியும். தவிர, கெல்டால் புரதத்தையும் புரோலினையும் பிரித்துச் சொல்லாது. உப்பைத் தாங்க, கோதுமை புரோலின், கிளைசின் பீட்டைன் என்ற சிறு சேர்மங்களைச் சேர்த்து வைக்கும். இரண்டிலும் தழைச்சத்து இருக்கிறது, ஆனால் அது வளர்ச்சிக்குப் போகவில்லை.

நொதி சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வேரில்தான். குளோரைடு நைட்ரேட்டோடு போட்டி போட்டு உள்ளே வருகிறது. இலை நீரை விடுவதும் குறைவதால் மேலே ஏறும் நைட்ரேட் இன்னும் சுருங்கும். நைட்ரேட் வந்தால்தான் அந்த நொதியைச் செடி உருவாக்கவே செய்யும்.

சோதனைக்குழாய்:
நொதியை இலைத் துண்டுகளில் பார்த்தீர்களா, அரைத்த சாற்றிலா? துண்டுகள் என்றால் ஒரே இலையை இரண்டு குப்பிகளில் போடுங்கள். இரண்டிலும் பாஸ்பேட் பஃபர், புரோப்பனால். ஒன்றில் மட்டும் பொட்டாசியம் நைட்ரேட். இருட்டில் 30 டிகிரியில் வைத்து, உருவான நைட்ரைட்டுக்குச் சல்ஃபானிலமைடு முறையில் வரும் இளஞ்சிவப்பை 540 நானோமீட்டரில் படியுங்கள். நைட்ரேட் போட்ட குப்பி நன்றாக ஏறினால் நொதி இருக்கிறது, அதற்கான சரக்கான நைட்ரேட்தான் வரவில்லை. ஏறாவிட்டால் நொதியே குறைந்துவிட்டது. வெளிச்சத்தைப் பொறுத்து இந்த நொதி ஏறி இறங்கும். எல்லா இலைகளையும் காலையில் ஒரே நேரத்தில் பறியுங்கள்.

கோதுமைத்தொட்டி:
நன்றி. பெருக்கிப் பார்த்தேன்: எச்டி 2967-ல் செடிக்கான மொத்தத் தழைச்சத்து பாதியாகிவிட்டது, கார்ச்சியாவில் இறக்கம் குறைவு. இரண்டு குப்பிச் சோதனையில் நைட்ரேட் போட்டது ஏறியது, ஆனால் நல்ல தொட்டி அளவுக்கு வரவில்லை.

வேர்த்தூவி:
அப்படியென்றால் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. வரத்து நாள்பட்டுக் குறைந்ததில் நொதியும் குறைந்திருக்கிறது. கார்ச்சியா தாங்குவதில் வியப்பில்லை; ராஜஸ்தான் பாலிப் பக்கத்து உவர் நிலங்களில் விளைந்த பழைய ரகத்தின் வழி வந்தது அது.

யூரியா விஷயம்: அது அமோனியமாகி, பிறகு மண் பாக்டீரியாவால் நைட்ரேட்டாக வேண்டும். உப்பு அந்த இரண்டாவது வேலையை மந்தமாக்கும். கூடுதல் யூரியா அமோனியமாகத் தேங்கும். பிஎச் அதிகமென்றால் அமோனியாவாகக் காற்றிலும் போகும். சில தொட்டிகளில் அதே அளவு தழைச்சத்தைக் கால்சியம் நைட்ரேட்டாகக் கொடுத்துப் பாருங்கள்.

சோதனைக்குழாய்:
ஒரு எச்சரிக்கை. கால்சியமே சோடியத்தின் கெடுதலைக் குறைக்கும். யூரியாத் தொட்டிகளுக்கும் அதே அளவு கால்சியத்தை ஜிப்சமாகப் போடுங்கள்; இல்லாவிட்டால் பலன் நைட்ரேட்டாலா கால்சியத்தாலா என்று சொல்ல முடியாது. இலைச் சாற்றில் அமோனியத்தையும் தனியாக அளந்துவிடுங்கள்.