பொன்னியின் செல்வன்: 12 வயதுப் பிள்ளைக்கு எந்தப் பதிப்பு?

அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் 12 வயது நிறைகிறது. பொன்னியின் செல்வன் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். சுருக்கிய பதிப்பு வேண்டாம். 1950இல் கல்கி இதழில் தொடராகத் தொடங்கிய கதை, 5 பாகமும் முழுதாக வேண்டும். மணியம் வரைந்த ஓவியங்களும் இருந்தால் ரொம்ப சந்தோஷம்.

ஒரே தடிப் புத்தகமாக வந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, விரித்தால் வரியின் கடைசிச் சொல் தையலுக்குள் போய்விடுகிறது. அவளோ படுத்துக்கொண்டு படிக்கிறவள், அந்தக் கனத்தைக் கை தாங்காது. தனித்தனிப் பாகமாக, பெரிய எழுத்தில், கெட்டி அட்டையோடு எந்தப் பதிப்பு நன்றாக இருக்கும்? பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் சொல்லுங்களேன்.

அப்புறம், ஐந்தையும் ஒன்றாகத் தரலாமா, முதல் பாகத்தை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்ததை அவளே வந்து கேட்கும்வரை காத்திருக்கலாமா?