‘ஃபோர்ஸ்டு லேபர்’ – தமிழில் என்ன? (ஷெப்பர்ட் கட்டுரைக்காக)

குழுவினருக்கு வணக்கம்.

மிஷனரி வில்லியம் ஹென்றி ஷெப்பர்டின் வாழ்க்கையைக் கல்லூரித் துணைப்பாடத்துக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1865-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். பிரஸ்பிட்டேரியன் சபை 1890-இல் அவரைக் கொங்கோவுக்கு அனுப்பியது. கறுப்பரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் லாப்ஸ்லி என்ற வெள்ளையரையும் சேர்த்தே அனுப்பினார்கள். இரண்டே ஆண்டில் லாப்ஸ்லி காய்ச்சலில் இறந்துவிட, கொங்கோவின் கசாய் பகுதியில் பணியைத் தாங்கியவர் ஷெப்பர்ட்தான்.

சிக்கல் ரப்பரில் வருகிறது. அங்கே பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் காட்டு ரப்பருக்காக நடந்த ‘ஃபோர்ஸ்டு லேப’ருக்குக் ‘கட்டாய உழைப்பு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, “கட்டாயப் பாடம் மாதிரி சாதுவாக இருக்கிறதே” என்கிறார். வேறு சொல் உண்டா?
– செ.

அம்மா,

‘ஊழியம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? திருவிதாங்கூரில் அரசு கூலி கொடுக்காமல் வாங்கிய வேலைக்கு அதுதானே பெயர்? கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊழியத்திலிருந்து விலக்கு என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோ 1815-இல் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். நாஞ்சில் நாட்டில் இன்னும் பெரியவர்கள் பேச்சில் இது உண்டு. வேர் ‘ஊழ்’ என்பதே என் கட்சி. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற குறளை நினையுங்கள்: தப்பிக்க வழியில்லாதது ஊழ், தப்பிக்க வழியில்லாத வேலை ஊழியம்.
– மா.

மா. ஐயா, ஊழ் இருக்கட்டும். சபைத் தமிழில் ஷெப்பர்டே ‘ஊழியர்’ ஆயிற்றே! “ஷெப்பர்ட் லுவேபோ மிஷன் நிலையத்தில் ஊழியம் செய்தார், கசாயின் கூபா மக்கள் ரப்பர் காட்டில் ஊழியம் செய்தார்கள்” என்று ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? 1899-இல் பியாங்காவில் அவர் கண்டதை நினைத்துப் பாருங்கள். அரசுக்காகச் சூறையாட வந்த சாப்போ சாப் கூட்டத்தின் முகாமில், மெல்லிய தீயின் மேல் வெட்டுண்ட கைகளைப் புகையில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேரைக் கொன்றோம் என்று அதிகாரிக்குக் காட்டுவதற்காம். ஷெப்பர்ட் எண்ணினார்: 81 வலக்கைகள். அந்த மனிதரின் பணிக்கும் இந்தக் கொடுமைக்கும் ஒரே சொல்லா? என்னால் ஏற்க முடியாது.
– ரூ.

கல்வெட்டுத் தமிழைக் கேளுங்கள்: ‘வெட்டி’. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லா வேலைக்கு இதே சொல்தான். ‘வெட்டி உழைப்பு’ என்று போடலாம். இலங்கையில் ‘இராசகாரியம்’ என்பார்கள், ஆனால் அது நிலத்தோடு பிணைந்த கடமை.
– கு.

கு. ஐயா, ‘வெட்டி’ இன்றைக்கு வீண் என்றுதான் காதில் விழும். பொருளும் பொருந்தவில்லை. ஷெப்பர்ட் 1908-இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். மூன்றே ஆண்டில் கூபா வயல்களில் களை மண்டிவிட்டது, மன்னர் அடிமைபோல் ஆகிவிட்டார், ரப்பர் கம்பெனியின் ஆயுதக் காவலாட்கள் ஆண்களையும் பெண்களையும் இரவுபகலாகக் காட்டில் வைத்திருக்கிறார்கள், கிடைக்கும் விலையில் பிழைக்க முடியாது என்கிறார். ஆக, விலை என்று ஏதோ கொடுத்திருக்கிறார்கள்! கம்பெனி அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது இந்தக் கட்டுரைக்காகத்தான். 1909-இல் பெல்ஜிய சோசலிஸ்ட் வாண்டர்வெல்டே கொங்கோவின் லியோபோல்ட்வில்லுக்கே வந்து வாதாடி விடுவித்தார். கூலி இல்லை என்பதைவிட மறுக்க முடியாது என்பதே இங்கே முக்கியம்.

என் பரிந்துரை ‘வல்லுழைப்பு’. வல்லுறவு போல.
– தே.

‘வல்லுழைப்பு’ என்றால் வல்லுநரின் உழைப்பு என்று படிப்பார்கள். கொத்தடிமையும் ஆகாது, அதில் கடன் இருக்க வேண்டும். ‘கட்டாய உழைப்பு’ பத்திரிகையில் பழகிய சொல். சாதுவாக இருந்தால், துப்பாக்கியைப் பக்கத்து வாக்கியத்தில் வையுங்கள் அம்மா.
– ரூ.

ரூ. சொல்வதே சரி. மா. ஐயா மன்னிக்க.
– கு.

அனைவருக்கும் நன்றி. ‘கட்டாய உழைப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘துப்பாக்கி முனையில் வாங்கிய கட்டாய உழைப்பு’ என்று எழுதிவிட்டேன்.
– செ.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊழியம் நம் மண் பட்ட வலியின் சொல். சபை அதை எடுத்துக்கொண்டது என்பதற்காக விட்டுவிட முடியாது. இன்னொன்று: அந்த ஆயுதக்காரர்களைத் தே. ‘காவலாட்கள்’ என்கிறார். அவர்கள் யாரைக் காத்தார்கள்? அதற்கும் சொல் வேண்டும்.
– மா.