ஆல்பட்ராஸ் பி.2 விமான மாடல்: உட்புறப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் வேவு பார்க்கப் பயன்படுத்திய ஆல்பட்ராஸ் பி.2 இரட்டை இறக்கை விமானத்தை 1:48 அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். இறக்கை 12.8 மீட்டர் என்பதால் மாடலில் சுமார் 27 செ.மீ. வருகிறது. இறக்கையும் வாலும் முடிந்துவிட்டன. சிக்கல் உள்ளே.

இதில் விமானி பின் இருக்கையில். வேவு பார்ப்பவர் முன்னால், மேல் இறக்கைக்கு அடியில். கீழே பார்க்க வேண்டியவருக்குக் கீழ் இறக்கையே மறைப்பு! இயந்திரத் துப்பாக்கியும் கிடையாது. 1915இல் வந்த சி வகை விமானங்களில்தான் அவரைப் பின்னால் உட்கார வைத்துத் துப்பாக்கியும் கொடுத்தார்கள். நிராயுதமாகப் பறந்த அந்த மனிதரின் இடத்தைக் கற்பனையில் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. இருக்கை எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது, முன்னால் என்னென்ன இருந்தன என்று தெரிய வேண்டும்.

போலந்தின் கிராக்கோவ் நகர விமான அருங்காட்சியகத்தில் இதன் பிற்கால வடிவமான பி.2ஏ ஒன்று இருக்கிறது. அங்கே போனவர்கள், அந்தப் பக்கம் வசிப்பவர்கள் யாராவது எடுத்த படங்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று: உடல் முழுக்க வார்னிஷ் பூசிய ஒட்டுப்பலகை. அந்தத் தேன் நிறத்துக்கு எந்தப் பெயின்ட், எத்தனை கோட்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.