காலை 10 முதல் மதியம் 2 வரைதான் நேரம்: அகச்சிவப்பில் நிலக்காட்சி எடுப்பது சரிவருமா?

தோபாயோ_பையன்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதோறும் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். காலை 10 மணிக்கு உள்ளே விட்டால் வெளியே வர 2 மணி தாண்டிவிடும். அந்த நாலு மணி நேரத்தை ஒரு வருடமாகக் கீழே கோப்பிக் கடையில் போனைத் தேய்த்தே ஓட்டிவிட்டேன். இனிமேலாவது உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போனேன். ஒரு படமும் தேறவில்லை. வெயில் தலைக்கு மேல், வானம் வெளுத்துக் கிடக்கிறது, மரத்தடியெல்லாம் கரி அப்பின மாதிரி, மிச்சம் முழுக்க ஒரே பச்சை. எல்லாரும் விடியற்காலை போ, அந்தியில் போ என்கிறார்கள். எனக்கு வாய்த்தது இந்த நேரம்தானே.

போன வாரம் யாரோ எடுத்த அகச்சிவப்புப் படம் ஒன்று கண்ணில் பட்டது. மரமெல்லாம் வெள்ளை, வானம் கருப்பு. உச்சிவெயிலில் எடுத்ததாம். அதிலிருந்து தூக்கம் போச்சு. என்னிடம் இருப்பது பழைய மிரர்லெஸ் கேமரா, கூடவே வந்த லென்ஸ், ஒரு முக்காலி. ஃபில்டர் வாங்கிப் போட்டால் போதுமா, இல்லை கேமராவையே பிரித்து மாற்ற வேண்டுமா? நம்ம ஊர் வெள்ளை வானத்தில் இது எடுபடுமா? அப்புறம் ஒரு பயம்: பத்து வெள்ளை மரம் எடுத்ததும் அலுத்துவிடுமோ?

மழைமரம்62

தம்பி, காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே திரையைப் பாருங்கள். நுனியில் வெளிச்சப் பொட்டு பளிச்சென்று தெரிந்தால் உங்கள் கேமரா அகச்சிவப்பை ஓரளவு உள்ளே விடுகிறது. மங்கலாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், நீளும். சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கிற கண்ணாடி ஒன்றை எல்லாக் கேமராவிலும் வைத்திருப்பார்கள். அது எவ்வளவு கண்டிப்பானது என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், அவ்வளவுதான்.

நான் ஃபில்டர் கட்சி. ஹோயா ஆர்72 மாதிரி 720 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், கண்ணுக்குத் தெரிகிற ஒளியைப் பெரும்பாலும் தடுத்து அகச்சிவப்பை உள்ளே விடும். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய கருப்புக் கண்ணாடிதான், அதன் வழியாகச் சட்டகம் பார்க்க முடியாது. முக்காலியில் சட்டகத்தை முடிவுசெய்து, பிறகு ஃபில்டரைத் திருகுங்கள். வெயிலில் இருக்கும் புல்லைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எடுத்துக்கொண்டால் எல்லாம் சிவப்பாகத் தெரிகிற தொல்லை தீரும். என் பழைய கேமராவில் நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 வைத்தால் 10 முதல் 20 விநாடி பிடிக்கிறது. காற்று அடித்தால் இலை பஞ்சுமிட்டாய் ஆகிவிடும், அது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

நேரத்தைப் பற்றி நீங்கள் குறைப்பட்டுக்கொள்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறத்தாழ 1 மணிக்கு. 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்களே, அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனைவிட முந்திதான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உங்கள் 10 மணி என்பது சூரியக் கணக்கில் 9 மணிதான். 10 முதல் 11 வரை வெயில் சாய்வாக விழும், மரத்துக்கு உருவம் கிடைக்கும், இலையும் நன்றாக ஒளிரும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து மேற்குப் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று. நம் சாலையெல்லாம் நிற்கிற மழைமரம், ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதை மலாயில் ‘புக்குல் லீமா’ என்பார்கள், ஐந்து மணி என்று பொருள். சாயங்காலம் ஆனால் இலையை மடக்கிவிடும், மழைக்கு இருட்டினாலும் மடக்கிவிடும். வெயில் நேரத்தில்தான் குடை முழுசாக விரிந்திருக்கும். அந்தியில் வரும் படக்காரர்கள் எலும்புக்கூட்டைத்தான் எடுக்கிறார்கள், நீங்கள் முழுக் குடையையும் எடுக்கலாம்.

மெக்ரிட்சிக்குப் பிளாஸ்டிக் பையோடு போகாதீர்கள். குரங்குக்கு அதற்குள் ஃபில்டர் இருக்கிறதா நாசி லெமாக் இருக்கிறதா என்ற கவலையெல்லாம் கிடையாது.

ஈசூன்_கலா

மழைமரம் அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படமாட்டேன். ஃபில்டரோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் கழற்று, மாட்டு, 20 விநாடி நில், வெயிலில் கேமரா கொதித்துப் படம் முழுக்கப் புள்ளி. ஒரு சனிக்கிழமைக்கு ஏழெட்டுப் படம் மிஞ்சினால் அதிகம். கடைசியில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழைய கேமரா உடல் ஒன்றை மலிவாக வாங்கி மாற்றக் கொடுத்தேன். தடுக்கிற கண்ணாடியை எடுத்துவிட்டு 720 கண்ணாடியை உள்ளேயே பொருத்திவிடுவார்கள். இப்போது கையில் பிடித்து 1/200 விநாடியில் எடுக்கிறேன், திரையில் வெள்ளை மரம் நேராகவே தெரிகிறது. பார்த்துக்கொண்டே எடுக்க முடிகிறதே, அதற்கு ஈடு இல்லை.

கடைப் பெயர் வேண்டாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல்முறை மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மயிரிழையோடு திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வானத்தை எடுத்தபோதுதான் எல்லாப் படத்திலும் அது நெளிந்துகொண்டு தெரிந்தது. காசு கொடுக்கும் முன் கடை வாசலிலேயே எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்களே பிரிக்கலாம் என்று காணொளி பார்த்து இறங்கிவிடாதீர்கள். ஃபிளாஷ் உள்ள கேமராவுக்குள் மின்தேக்கி இருக்கிறது, பேட்டரியை எடுத்த பிறகும் அடிக்கும்.

கண்ணாடியில் 590 என்று ஒன்று இருக்கிறது, இலை தங்க நிறத்தில் வரும். முதலில் ஆசையாக இருக்கும், மூன்றாவது வாரம் கல்யாண மண்டப ஜிகினா மாதிரி ஆகிவிடும். 830, 850 என்றால் சுத்தமான கருப்பு வெள்ளைதான், நிறம் கிடைக்காது. 720 இரண்டுக்கும் நடுவில்.

ரா கோப்பில், அதாவது கேமரா கைவைக்காத மூலக் கோப்பில், எடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, அதனால் படம் சிவப்பாகவே அடம்பிடிக்கும். டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டர் என்ற மென்பொருளில் சொந்தமாக ஒரு நிற அமைப்பு (புரொஃபைல்) செய்துவைத்தால் சரியாகிவிடும். அதன்பின் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் பழுப்பு வானம் நீலமாகும். நான் இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டுக் கருப்பு வெள்ளையில்தான் முடிக்கிறேன்.

இருட்டறை

நான் ஃபிலிம் காலத்து ஆள். இரண்டு பேரும் கருவியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் இலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இது சூட்டைப் படம்பிடிப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கிற கேமரா வேறு சங்கதி. நாம் பிடிப்பது சிவப்புக்கு அடுத்து, கண் விட்டுவிடுகிற, 700 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான ஒளி. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும், அகச்சிவப்பைத் தொடாது. அது இலைக்குள் போய், ஈரமான செல்களுக்கும் அவற்றுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளிக்கும் இடையில் முட்டி மோதித் திரும்பி வெளியே வந்துவிடும். அதனால்தான் வெள்ளை. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910இல் இப்படிப் படங்கள் வெளியிட்டார், அவர் பெயரில்தான் இதை வுட் விளைவு என்கிறோம். இலை பழுத்தாலும் வாடினாலும் அந்த வெளுப்பின் அளவு மாறும்.

கோடாக்கின் எச்ஐஈ என்ற அகச்சிவப்பு ஃபிலிமை முழு இருட்டில்தான் கேமராவில் போட வேண்டும். ஃபிலிம் டப்பாவின் வாய் வழியாகக்கூட ஒளி கசியும். ஒருமுறை வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் சொருகி, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், பேரன் வந்து கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் வெளியே இருந்த சுவிட்சைப் போட்டுவிட்டான். ஒரு சுருள் போச்சு. அந்தப் படங்களில் மரத்தைச் சுற்றிப் பனி மாதிரி ஒளி கசியும், பார்த்திருப்பீர்கள். அதை இலையின் வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த ஃபிலிமின் முதுகில் ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சு கிடையாது, அதனால் வந்த கசிவு. 2007இல் ஃபிலிமையே நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டலில் அதே கசிவைச் செயற்கையாகப் பூசுகிறார்கள், எனக்கு ஒட்டவில்லை.

வானம் பற்றிக் கேட்டீர்கள். நீல வானத்தில் அகச்சிவப்பு அதிகம் சிதறாது, அதனால் கருக்கும். ஆனால் நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம், நீர்த்துளிகள் எல்லா ஒளியையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், வானம் சாம்பலாகத்தான் வரும். காலையில் ஒரு மழை கொட்டி ஓய்ந்து வெயில் வந்த பிறகு ஓடுங்கள், அப்போது கழுவிவிட்ட மாதிரி இருக்கும். பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்றின் உலர்ந்த பகுதி, அப்போது வானம் நன்றாக இருக்கும், காற்றும் இருக்கும், ஃபில்டர்காரர்களுக்கு அது தலைவலி.

பத்து மரத்தோடு அலுக்குமா என்றால், ஊரெல்லாம் சுற்றினால் அலுக்கும். இன்று பூமலை, அடுத்த வாரம் புலாவ் உபின், அதற்கடுத்து மரினா அணைக்கட்டு என்று போனால் கடைசியில் கையில் இருப்பது வெள்ளை மரங்களின் பட்டியல். நீங்கள் எப்படியும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வாராவாரம் வரப் போகிறீர்கள். தோ பாயோ டவுன் பூங்காவில் கோபுரம், குளம், மூங்கில் எல்லாம் இருக்கிறது, நடந்தே போகலாம். ஒரு இடத்தில் முக்காலியை ஊன்றி, தரையில் அடையாளம் வைத்து, ஒரு வருடம் அங்கிருந்தே எடுங்கள். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கும், குளம் மை மாதிரி வரும், அதில் வெள்ளை மரம் தலைகீழாக நிற்கும். நான் இந்த வயதில் செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டது இது.

தோபாயோ_பையன்

மூன்று பேருக்கும் நன்றி. கலா அக்கா மன்னிக்கணும், முதலில் ஃபில்டரையே வாங்கினேன், கையில் இருந்த காசு அவ்வளவுதான். ரிமோட் சோதனையில் பொட்டு மங்கலாகத்தான் தெரிந்தது.

நேற்று பூங்காவில் இரண்டு மணி நேரம். முதல் ஒன்பது படமும் குப்பை. நடுவில் தேங்காய்ச் சில் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். ஃபில்டர் பழுது என்றே நினைத்துவிட்டேன். பிறகு தேடிப் பார்த்ததில் லென்ஸின் குணமாம், எஃப் 16 வைத்திருந்தேன். எஃப் 5.6க்கு இறக்கினதும் வட்டம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பத்தாவது படம் ஒன்று பிடித்திருக்கிறது. குளம் கருப்பு, மரம் வெள்ளை, வானம் ஐயா சொன்ன மாதிரி சாம்பல்தான். 15 விநாடி. நடந்து போனவர்கள் யாருமே படத்தில் இல்லை. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா மட்டும் அசையாமல் இருந்ததால் அப்படியே இருக்கிறார், செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடப்பதுகூடத் தெரிகிறது. அவர் போட்டிருந்தது கருப்புச் சட்டை, படத்தில் வெளிர் சாம்பலாகிவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இந்த மனுஷன் நீ கிளம்பும்போது எழுந்தாரா?" என்று கேட்டார். எழுந்தார் என்றேன்.

ஒரு கேள்வி. அடுத்த சனி மழை மூட்டமாக இருக்கும் போலிருக்கிறது. தூங்குமூஞ்சி இலையை மடக்கிவிட்டால் மூங்கில் பக்கம் திரும்பலாமா?

மழைமரம்62

மூங்கில் மூச்சு விட்டாலே ஆடும், 15 விநாடிக்கு ஆகாது. முக்காலியை அதே அடையாளத்தில் வைத்து மடக்கின இலையையே எடுங்கள். வெயில் இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியிருக்கும், புள்ளி வரும், பரவாயில்லை. தாத்தா வந்திருந்தால் அவரையும் சேர்த்து.