பழைய மாருதி 800: மூன்று நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை, பிரேக் மிதித்தால் பார்க் லைட் அணைகிறது

நாகைக்காரன்:
வணக்கம். அப்பா 1997-ல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா போன பிறகு நான்தான் வைத்திருக்கிறேன், விற்க மனமில்லை. வாரம் ஒருமுறை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும் எடுப்பேன்.

நாலைந்து மாதமாகத் தொல்லை. ஞாயிறு ஓட்டிவிட்டு நிறுத்தினால் புதன்கிழமை செல்ஃப் எடுப்பதில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார், புது 35 ஆம்பியர் பேட்டரி போட்டேன். அதுவும் அப்படியே இறங்குகிறது. இப்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இரவில் பார்க் லைட் எரியும்போது பிரேக் மிதித்தால் பின்பக்கம் வலது விளக்கு சுத்தமாக அணைந்துவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே துடிக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா? மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன், வோல்ட் மட்டும் பார்க்கத் தெரியும்.

மதுரை ஆம்னி:
எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் எவ்வளவு காட்டுகிறது? 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டருக்குச் செலவு செய்யாதீர்கள்.

நாகைக்காரன்:
14.1 காட்டுகிறது அண்ணா. ஹெட்லைட் போட்டால் 13.9.

தஞ்சை வயரிங்:
தம்பி, இவை இரண்டும் தனித்தனிக் கோளாறு. முதலாவது எங்கேயோ கரண்ட் ஒழுகுவது, இரண்டாவது எர்த் (கரண்ட் பாடி வழியே பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) இல்லாமல் போனது. சேர்த்து யோசித்தால் இரண்டுமே பிடிபடாது. இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், நல்ல பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

ஒழுகலை இப்படிப் பாருங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். டாப் லைட் சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள், அந்த 10 வாட் பல்பு ஒன்றே 0.8 ஆம்பியர் இழுத்து உங்களைக் குழப்பும். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனை கேபிளிலும் மறுமுனை பேட்டரி மைனஸிலும் இருக்கும்படி வையுங்கள். கரண்ட் மீட்டருக்குள் புகுந்து போக வேண்டும். பழக்கத்தில் பிளஸ்ஸிலும் மைனஸிலும் வைத்துவிட்டால் மீட்டர் போய்விடும். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவும் கூடாது.

உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. நிறுத்திய பிறகு ஸ்டீரியோவின் நினைவும் கடிகாரமும் குடிப்பது சில மில்லி ஆம்பியர்தான். 50 மில்லியைத் தாண்டினாலே தேட வேண்டும். தாண்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைனில் இருக்கிறது திருடன். எல்லாவற்றையும் உருவியும் விழவில்லை என்றால் பியூஸுக்குப் போகாத கம்பிதான். ஆல்டர்னேட்டரின் தடித்த பி முனை ஒன்று (உள்ளே டயோடு கெட்டால் நிறுத்தி வைத்திருக்கும்போதும் குடிக்கும்), அப்புறம் யாராவது பேட்டரியிலிருந்து நேராக இழுத்த கம்பி.

இனி பின்விளக்கு. பிரேக்குக்கும் பார்க்குக்கும் ஒரே பல்புதான், உள்ளே 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை. எர்த் இரண்டுக்கும் பொது. அது அறுந்தால் பார்க் கரண்ட் 21 வாட் இழை வழியே ஏறி, பிரேக் கம்பியில் போய், இடது பக்க பிரேக் பல்பில் எர்த்தைத் தேடிக்கொள்ளும். அதனால்தான் எரிகிறது. நீங்கள் பிரேக் மிதித்ததும் அந்த வழியிலும் 12 வோல்ட் வந்து நின்றுவிடும். இரு பக்கமும் ஒரே அழுத்தம், கரண்ட் ஓடாது, விளக்கு அணையும். பல்பை மாற்ற வேண்டாம். டிக்கியின் வலது மூலையில் கறுப்புக் கம்பி பாடியோடு சேரும் போல்ட்டைத் தேடுங்கள்.

நாகைக்காரன்:
அண்ணா, ஞாயிறு முழுக்க இதில்தான் இருந்தேன்.

மீட்டரில் 0.41 ஆம்பியர். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி, 35-ல் மூன்றாம் நாள் என்ன மிஞ்சும்? எல்லா பியூஸையும் உருவினேன், 0.39. கேபிளைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பி முனையை எடுத்து டேப் சுற்றிப் பார்த்தேன், மாறவில்லை.

பிறகு பேட்டரி பிளஸ்ஸில் ஒரிஜினல் கேபிளுக்கு அடியில் தடித்த சிவப்புக் கம்பி ஒன்று தனியாகப் போவது கண்ணில் பட்டது. பியூஸே இல்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே முடிகிறது. அங்கே அப்பா பாட்டுக் கேட்க வைத்த ஆம்ப்ளிஃபயர். கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி முந்தைய நாள் மாலையிலிருந்து நிற்கிறது. அந்தக் கம்பியை விட்டதும் மீட்டர் 0.01-க்கு விழுந்தது.

நாலைந்து மாதத்துக்கு முன்புதான் ஒரு கடையில் புளூடூத் ஸ்டீரியோ மாட்டினேன். தேதி கூடச் சரியாகப் பொருந்துகிறது. பின்னால் இழுத்துப் பார்த்தால் ஆம்ப்பின் நீலக் கம்பியை ஸ்டீரியோவின் மஞ்சள் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த மஞ்சளையும் பியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோகாமல் அந்தத் தடித்த கம்பியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் பியூஸ்களை உருவியும் எண் விழவில்லை.

தஞ்சை வயரிங்:
அதுதான். மஞ்சள் எப்போதும் உயிரோடு இருக்கும் லைன். நீலம் ஆம்ப்பை எழுப்பும் கம்பி. புது ஸ்டீரியோவில் நீலத்துக்கு முனை இல்லாததால் அப்படிச் சேர்த்திருப்பார்கள். நீலத்தை ஸ்டீரியோவின் சிவப்புக் கம்பியோடு சேருங்கள் (பேட்டரியிலிருந்து வரும் அந்தத் தடித்த சிவப்பு அல்ல), அதில் சாவி திருப்பினால்தான் கரண்ட் வரும். முறுக்கி டேப் சுற்றாதீர்கள், வெயிலில் பசை இளகிவிடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

அதைவிட முக்கியம், அந்தத் தடித்த கம்பியில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் போடாமல் திரும்ப இணைக்கவே கூடாது. பாடித் தகட்டில் உரசி இன்சுலேஷன் கிழிந்தால் கம்பி பழுத்து கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இது. ஆம்ப்பிலேயே ஒரு பியூஸ் இருக்கும், அதே அளவு போதும்.

பின்விளக்கு என்ன ஆயிற்று?

நாகைக்காரன்:
பிரேக்கையும் பார்க்கையும் போட்டு, பல்பு ஹோல்டரின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்தேன், 11.7 வோல்ட். டிக்கியில் அந்த போல்ட்டைக் கழற்றினால் லக்கு (கம்பி முனையில் இருக்கும் உலோக வளையம்) முழுக்கப் பச்சைக் களிம்பு, கம்பி இரண்டு இழையில் தொங்குகிறது. கடற்காற்று வேலை. புது லக்கு வைத்து, பாடியை உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து இறுக்கினேன். இப்போது 0.05. பிரேக் மிதித்தால் பளிச்சென்று எரிகிறது.

பியூஸும் போட்டுவிட்டேன். இன்று வியாழன். நான்கு நாள் நின்ற வண்டி, 12.5 வோல்ட், ஒரே அடியில் எடுத்தது. அம்மா வாசலுக்கே வந்து பார்த்தார்கள்.

தஞ்சை வயரிங்:
சந்தோஷம் தம்பி. இறுக்கிய போல்ட்டின் மேல் கொஞ்சம் வாசலின் பூசுங்கள், உப்புக்காற்று அண்டாது. இடது பக்க எர்த்தையும் இந்த வாரமே கழற்றிப் பாருங்கள், அதுவும் அதே வயது.